கடல் விலகிய கரையும் காமிராவும்



மும்பையின் கடற்கரைக் கட்டடங்களைப் படம் பிடிக்க வேண்டும் என்றால் நம் விடுதி அன்பர்கள் நேரே மெரைன் டிரைவுக்குத்தான் போகிறார்கள். அதுவும் மாலை ஆறு மணிக்கு. கதிரவன் கடலில் இறங்குவான், கூட்டம் கூடும், ஆளுக்கொரு சிவந்த வானம் கிடைக்கும். அந்தப் படங்களில் வானம் இருக்கிறது, தோழர்களின் முகம் இருக்கிறது. கட்டடம் மட்டும் இல்லை. கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றல்லவா எடுக்கிறோம்!

நான்கு ஆண்டுகளாக இந்நகரில் காமிராவும் கையுமாக அலைந்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன். முதலாவது சற்று விந்தையாகத் தோன்றும். மும்பையின் கடற்கரையைப் படம் பிடிக்கப் புறப்படுபவர், கடலே தெரியாத ஓர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடம் ஓவல் மைதானம்.

ஏன் என்று கேட்பீர்கள். 1860களில் பழைய கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. மதிலுக்கு வெளியே கிடைத்த வெளியில், மேற்கு நோக்கி, உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழக நூலகமும் ராஜாபாய் கோபுரமும் காத்திக் பாணியில் எழுந்தன. கோபுரமும் நீதிமன்றமும் நிறைவெய்திய ஆண்டு 1878. அன்று அவற்றின் முன்னே மைதானம். மைதானத்துக்கு அப்பால் இருப்புப் பாதை. அதற்கும் அப்பால் கடல். ஆம், அவை கடலைப் பார்த்து நின்ற கட்டடங்கள்! பிறகு 1920களில் பேக் பே என்னும் விரிகுடாவின் ஓரத்தைத் தூர்க்கும் பெருவேலை நடந்தது. கிடைத்த புதுநிலத்தில் 1930களிலும் 1940களிலும் ஆர்ட் டெகோ பாணியில் வீடுகள் எழுந்தன. ஒரு வரிசை மைதானத்தின் மேற்கு ஓரத்தில். இன்னொரு வரிசை புதிய கடற்கரைச் சாலையில். கடல் விலகிப் போயிற்று. காத்திக் கோபுரங்கள் ஊர் நடுவே அகப்பட்டுக்கொண்டன.

இந்தத் தூர்ப்பு வேலையின் முறைகேடுகளை வெளிப்படுத்திப் போராடியவர் கே. எஃப். நரிமன். தூர்த்த நிலத்தின் முனைக்கே பின்னாளில் அவர் பெயரை வைத்து ‘நரிமன் பாயிண்ட்’ என்றார்கள். அந்தப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இரு பாணிகளையும் சேர்த்தே யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றது. மொத்தம் 94 கட்டடங்கள். மைதானத்தின் நடுவில் நின்று திரும்பினால் போதும், ஒரு நூற்றாண்டிலிருந்து மறு நூற்றாண்டுக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டையும் ஒரே வேளையில் எடுக்க இயலாது. காலை எட்டு மணி சுமாருக்குக் காத்திக் கட்டடங்களின் தலைக்கு மேலே ஏறி வரும் வெயில், எதிரிலுள்ள ஆர்ட் டெகோ வரிசையில் விழும். அப்போது கோபுரம் கரிய நிழலாக நிற்கும். பிற்பகலில் நிலைமை தலைகீழ்: வெயில் மேற்கிலிருந்து வந்து கோபுரத்தின் மங்கிய மஞ்சள் நிறக் குர்லா கல்லைப் பொன்னாக்கும். ஆகவே ஒரு நாளை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கட்டடம் சாய்ந்து விழுவதுபோலப் படத்தில் தோன்றும் குறை. அடியில் நின்று காமிராவை அண்ணாந்து பிடித்தால், இணையாக நிற்கும் சுவர்கள் மேலே போகப் போக நெருங்கும். காமிராவின் முகம் சுவருக்கு இணையாக இருந்தால் இந்தக் குறை எழாது. ராஜாபாய் கோபுரத்தின் உயரம் 85 மீட்டர். அதைப்போல் இரு மடங்குத் தொலைவு விலகி நின்றால், உச்சி நம் கண்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 27 பாகையில் தெரியும். கைப்பேசியின் வழக்கமான லென்ஸை நெடுவாக்கில், சிறிதும் சாய்க்காமல் பிடித்தாலே கோபுரம் முழுதும் அடங்கிவிடும். படத்தின் கீழ்ப்பாதியில் புல்லும் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும் வருவார்கள். வேண்டாவிட்டால் பின்னர் வெட்டிவிடலாம். நான் வெட்டுவதில்லை. கோபுரம் எவ்வளவு பெரிது என்று சொல்ல அந்தப் பிள்ளைகளை விட நல்ல அளவுகோல் ஏது? கணினியிலும் சாய்வைத் திருத்தலாம். ஆனால் அதில் படத்தின் ஓரங்கள் இழக்கப்படும். பின்வாங்கி நடப்பதற்குக் காசு கேட்பார் யாரும் இல்லை.

இனி மெரைன் டிரைவுக்குப் போவோம். அங்கே நான் சொல்லும் வேளை மாலை ஆறு அன்று, நான்கு. காரணம் இது: ஆர்ட் டெகோ வீடுகளின் அழகு சிற்பத்தில் இல்லை, கோடுகளில் இருக்கிறது. வளைந்த மூலை மாடங்கள், சன்னலின் மேல் புருவம்போல் நீளும் கான்கிரீட் வெயில் மறைப்புகள், கப்பலின் அடுக்குகளை நினைவூட்டும் படுக்கைக் கோடுகள் ஆகியவையே அதன் அணிகள். வெயில் சற்று மேலிருந்து விழும்போது ஒவ்வொரு புருவத்தின் கீழும் ஒரு நிழற்கோடு விழுகிறது. கதிரவன் அடிவானத்துக்கு வந்துவிட்டால் நிழல் போய்விடும்; நிறம் மட்டுமே மிஞ்சும். 1937இல் கட்டப்பட்ட சூனா மஹாலின் மூலையை இரு வேளையிலும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கட்டடம் என்பீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிர்சாதனப் பெட்டி தொங்கும் மாடம், கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி, பெயர்ந்த பூச்சு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு ‘அழகான’ மூலைகளை மட்டுமே எடுக்கும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். பலவற்றில் பழைய வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை மிகச் சொற்பம். பழுது பார்க்கப் பணம் சேர்வது அரிது. ஒரு குடும்பம் மழைக்கு அஞ்சிப் பால்கனியை அடைக்கும். அடுத்த மாடியும் அடைக்கும். கட்டடம் முழுதும் ஓடிய கோடு அங்கே அறுந்துவிடும். அறுவதற்கு முன் ஒரு படம், அறுந்த பின் ஒரு படம் இருந்தால்தான் எது போயிற்று என்று காட்ட முடியும். சாலையிலிருந்து முழுமுகத்தையும் நேராக எடுங்கள். திறந்த சன்னலுக்குள் லென்ஸை நீட்டாதீர்கள். அது அவர்கள் வீடு.

நரிமன் பாயிண்டின் உயர் கட்டடங்களை, 1972இன் எக்ஸ்பிரஸ் டவர்ஸையும் 1974இன் ஏர் இந்தியா கட்டடத்தையும், அருகில் நின்று எடுப்பதில் பயன் குறைவு. சௌபாத்தி மணலிலிருந்து தொலைநோக்கு லென்ஸால் எடுத்தால், வளைந்தோடும் தாழ்ந்த வரிசையின் முடிவில் அவை எழுந்து நிற்பது தெரியும். அந்தத் தாவல்தான் அங்கே காண வேண்டிய செய்தி.

கிழக்குக் கரையில் எல்லாம் காலைக்குரியது. 1924இல் திறந்த கேட்வே கடலை நோக்கி நிற்பது. அதன் முகத்தைக் காணப் படகில் ஏற வேண்டும். எலிபெண்டா போகும் படகு கரையை விட்டு விலகியதும் திரும்பி நில்லுங்கள். கேட்வே, 1903இன் குவிமாடங்கள் கொண்ட தாஜ், அதனருகே 1970களின் உயர்ந்த தாஜ் மூன்றும் ஒரே சட்டத்தில் அமையும். படகு ஆடும், ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் குறைய வேண்டாம். தாஜைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அதைக் கண்டு கட்டடக் கலைஞர் உயிர்விட்டார் என்று பக்கத்தில் இருப்பவர் கதை சொல்வார். அது வெறுங்கதை, கேட்டுவிட்டுப் படத்தை எடுங்கள். கரை திரும்பியதும் லென்ஸில் படிந்த உப்பை ஈரத் துணியால் மெல்லத் துடைத்த பிறகே உலர்ந்த துணியைத் தொடுங்கள். உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும்.

கடல் விலகுவது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2024 மார்ச்சில் கரையோரச் சாலையின் முதற்பகுதி திறந்தது. ஹாஜி அலியில் கரைக்கும் தர்காவுக்கும் இடையே முன்பு அலை இருந்தது. இன்று அங்கே சாலை ஓடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் கரையில் நின்று எடுத்த படம் எவரிடமேனும் இருந்தால், எடுத்த நாளையும் நின்ற இடத்தையும் அதனுடன் எழுதிச் சங்க அறையில் கொடுங்கள். அதே இடத்தில் நின்று இன்றைய படத்தை நான் எடுத்துத் தருகிறேன். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருக்கும் நண்பர்கள், கைப்பேசி இருந்தாலும் போதும், காலை ஏழரைக்கு ஓவல் மைதானத்துக்கு வரலாம்.