ஔடததானமும் ஊனுண்ணும் பறவையும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஔடததானம் யாருக்குச் செய்யத்தக்கது என்று வகுப்பில் வினவினால், "முனிவர்களுக்கு", "பிணியுற்ற ஏழைகளுக்கு" என்று விடைகள் வரும். "அடிபட்ட ஆந்தைக்கு" என்று ஒரு பிள்ளையேனும் கூறுமாயின் அன்றைய பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் முதலில் கற்பிக்கும் விதி. ஆதலால் நமக்கு நன்கு தெரிந்த ஒரு நாயிடமிருந்தே நானும் தொடங்குகிறேன்.

சீவகசிந்தாமணியில், வேள்விக்கென வைத்த சோற்றைத் தீண்டியதற்காக அந்தணர்கள் ஒரு நாயை அடித்துக் குற்றுயிராக்குகின்றனர். சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாய் தேவகதி அடைந்து சுதஞ்சணன் என்னும் பெயருடன் பின்னர் அவனுக்கு உற்ற துணையாகிறது. உயிர் பிரியும் நிலையிலிருந்த விலங்கிற்கு அவனால் இயன்றது அதுவே. பிழைக்கக்கூடிய விலங்காயின் என் செய்வது? காயத்தைக் கட்டவேண்டும், உணவூட்டவேண்டும், நலமானபின் அதன் இடத்திலேயே விடவேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததையே இக்காலத்தார் மீட்பு, சிகிச்சை, மறுவாழ்வு என்கின்றனர். மூன்றனுள் உணவூட்டல்தான் சிராவகரைச் சிக்கலில் ஆழ்த்துவது. எப்படி என்பதைத் தில்லியில் நம் சமயத்தார் நடத்திவரும் மருத்துவமனையைக் கொண்டு விளக்கலாம்.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் தெருவின் முகப்பில், லால் மந்திர் என்னும் திகம்பர ஜினாலயம் இருக்கிறது. அதன் வளாகத்தில் உள்ளதுதான் பறவைகளுக்கான தரும மருத்துவமனை. 1929இல் தொடங்கப்பெற்றது, 1957 முதல் இவ்வளாகத்தில் இயங்கி வருகிறது. கட்டணம் கிடையாது. காக்கை, புறா, கிளி, மைனா, சிட்டு என்று எது வந்தாலும் யார் கொண்டுவந்தார் என்று பாராது ஏற்கின்றனர். கோடையில் வீட்டு மின்விசிறியில் அடிபட்டவை மிகுதியாக வரும். ஆகஸ்டு 15ஐ ஒட்டித் தில்லியில் காற்றாடி விடும் வழக்கம் பெரிது. அந்நாள்களில் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலால் சிறகறுபட்டவை வந்து குவியும். செயற்கை இழை மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தபோதும் பறவைகள் அறுபடுவது நின்றபாடில்லை. நலமுற்ற பறவைகளை மாடியிலிருந்து வானில் விடுகின்றனர். கூண்டுக்கிளியைச் சிகிச்சைக்குக் கொடுத்தவர் அதனைத் திரும்பப் பெற இயலாது என்னும் விதி எனக்கு மிகவும் உகந்தது. ஔடததானத்தோடு அபயதானத்தையும் சேர்த்தே செய்துவிடுகின்றனர் அல்லவா!

இனி, இம்மருத்துவமனையின் மற்றொரு விதியைக் காண்போம். அங்கே ஊனுணவு நுழைவதில்லை. ஆகவே பருந்து, வல்லூறு போன்ற ஊனுண்ணிகளுக்கு வந்தவுடன் மருந்திட்டு அனுப்புவரேயன்றி உள்நோயாளியாக வைத்துப் பேணுவதில்லை. சிறு காயமாயின் இஃது ஒருவாறு போதும். சிறகெலும்பு முறிந்ததாயின்? பறவையின் எலும்பு கூட ஏறத்தாழ மூன்று வாரங்களாகும். அதன்பின் பறந்து பழக மேலும் சில வாரங்கள் வேண்டும். அந்நாள்களில் பருந்து எதை உண்ணும்? புறாவின் இரைப்பை சிறு கற்களைக் கொண்டு தானியத்தை அரைக்கவல்லது. பருந்தின் வயிறோ தசையையும் எலும்பையும் கரைப்பதற்கென அமைந்தது. அதற்குச் சோளத்தை இடுவது பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

இளைஞர்களாயிருந்த இரு உடன்பிறந்தார் இவ்வினாவைத் தில்லியிலேயே எதிர்கொண்டனர். நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவூத் என்பன அவர்தம் பெயர்கள். காயமுற்ற பருந்தொன்றை நகரின் பறவை மருத்துவமனை ஒன்றிற்கு எடுத்துச் சென்றபோது, ஊனுண்ணும் பறவை என்ற காரணத்தால் அதனை ஏற்க மறுத்தனர். பின்னாளில், 2003 முதல், அவ்விருவரும் தம் இல்லத்திலேயே பருந்துகளுக்குச் சிகிச்சை செய்யலாயினர். சோப்புக் கரைசல் வார்க்கும் கருவிகளைச் செய்து விற்பது அவர்களது தொழில். அத்தொழில் நடந்த கீழ்த்தளமே மருத்துவமனையுமாயிற்று. அறுபட்ட தசையையும் நரம்பையும் தைக்கத் தாமே கற்றனர். இதுவரை அவர்கள் கையால் உயிர்பிழைத்த பறவைகள் 20,000க்கு மேற்பட்டவை என்பர். ஷௌனக் சென் 2022இல் அவர்களைப் பற்றி 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அது பன்னாட்டுப் பரிசுகள் பெற்று ஆஸ்கார் பரிந்துரை வரை சென்றது. பருந்துக்கு இறைச்சி எறிவதைப் புண்ணியமாகக் கருதும் மரபு பழைய தில்லி முசுலிம்களிடம் உண்டு. அம்மரபில் வளர்ந்தவர்கள் இவர்கள்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டதும் நம்மவருள் சிலர் முகம் சுளிப்பர். வேறு சிலர், மறுத்தவர்களைக் கல்நெஞ்சர் என்பர். இரண்டும் அவசர முடிவுகள். ஒரு பருந்தைக் காக்க நாள்தோறும் கோழியையும் எலியையும் கொல்வித்தல் தகுமா என்னும் வினா அற்பமானதன்று. நம் புராணமே அதனை எழுப்பியிருக்கிறது. சிபியின் கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். நம் மரபில் அதனைச் சாந்திநாத தீர்த்தங்கரரின் முற்பிறவியாகிய மேகரதன் மேல் வைத்துக் கூறுவதுண்டு. அடைக்கலம் புகுந்த புறாவைக் காப்பதோடு கதை முடிந்துவிடவில்லை. துரத்திவந்த பருந்து, "எனக்கும் பசியுண்டே" என்கிறது. அரசன் அதை விரட்டாமல் அதன் பசிக்கும் பொறுப்பேற்றுத் தன் தசையையே அரிந்து துலையில் வைக்கிறான். பருந்தின் பசியை அக்கதை பொய்யென்று தள்ளவில்லை என்பதை நான் மாணவியருக்கு எப்போதும் சுட்டிக்காட்டுவேன்.

இல்லறத்தார்க்கு இம்சை நான்கு வகையென்று வகுத்துள்ளனர். கொல்லவேண்டும் என்றே கொல்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வினைகளில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை அணுவிரதி முற்றிலும் விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளவேண்டும். கால்நடை மருத்துவர் நாயின் புண்ணிலிருந்து புழுக்களை எடுக்கும்போது அவை மடிகின்றன. ஆயினும் அவர் எண்ணம் புழுவின் மேலதன்று, புண்ணின் மேலது. பருந்துக்கென ஓர் உயிரைத் தேர்ந்து கொல்வது அத்தகையதா? அன்று என்பதே என் கருத்து. ஆகவே, ஊன் தன் வாயிலைக் கடத்தலாகாது என்னும் தில்லி மருத்துவமனையின் விரதத்தை நான் குறைகூறேன். ஆனால் அவ்விரதத்தைக் காப்பவர், மறுக்கப்பட்ட பறவை எங்குச் செல்லவேண்டும் என்பதையும் அறிந்து வைத்திருத்தல் கடமை. அப்பறவைக்கு ஊனிடுபவர் வேற்று மரபினராயின் அவரை இகழ்வதும், "எங்கேனும் கொண்டுபோ" என்று வாயிலில் நிறுத்திக் கைகழுவுவதும் நம் அறமாகா. மருந்து நம்முடையதாகவும் உணவு மற்றொருவருடையதாகவும் இருக்கலாம். இருவருக்கும் நடுவே பறவை செத்துவிடலாகாது.

தேறாத உயிரைப் பற்றியும் ஒரு சொல். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் துடித்த கன்றொன்றை ஊசிமருந்தால் இறக்கச் செய்ய காந்தியடிகள் இசைந்தார். குசராத்தில் பெரும் புயல் எழுந்தது. கண்டித்தோருள் சமணர் பலர். இன்றும் உலகின் பெரும்பாலான காட்டுயிர் மருத்துவமனைகள் பிழைக்காத விலங்கை அவ்வாறே முடிக்கின்றன. நம் நெறி அதனை ஏற்பதில்லை. ஏற்காதவர், வலிதணிக்கும் மருந்தையும் நிழலையும் நீரையும் இறுதிவரை தரக் கடமைப்பட்டவராவர். வெறுமனே ஏற்காதிருப்பது எளிது. அதில் பெருமை ஒன்றுமில்லை.

தில்லி நமக்குத் தொலைவு. ஆனால் வினா நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கொல்லையிலேயே இருக்கிறது. அய்யலூரைச் சூழ்ந்த முட்புதர்க் காடுகளில் வாழும் தேவாங்கு, கால் கிலோ எடைகொண்ட இரவு விலங்கு. உருண்ட விழிகளால் இருளில் பூச்சிகளைத் தேடி உண்பது. அதன் கண்ணும் உடலுறுப்பும் மருந்தாகும், மாந்திரீகத்திற்கு உதவும் என்னும் மூடநம்பிக்கையால் பிடிபட்டவை பல. மரத்திற்கு மரம் கிளை தொட்டிருக்கும்வரை அது தரையில் இறங்காது. மரம் வெட்டுண்டு இடைவெளி விழுந்தால் தரையில் இறங்கி நடக்கும், சாலையைக் கடக்கும். அதன் நடையோ மிக மெதுவானது. தமிழக அரசு 2022 அக்டோபரில் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களையும் கரூர் மாவட்டத்துக் கடவூர் வட்டத்தையும் சார்ந்த 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்கிற்கென இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இதுவே. பழனிக்கு அண்மையிலுள்ள ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இருப்பதைப் பலர் தரிசித்திருப்பீர்கள். அத்தகைய குன்றுகளில் தவமிருந்த முனிவர்க்கு இவைபோன்ற புதர்க்காட்டு உயிர்களே அண்டை அயலார்.

சாலையோரத்தில் அடிபட்ட தேவாங்கைக் காண்பவர் இரக்கத்தால் முதலில் செய்வது வாழைப்பழம் ஊட்டுதல். பூச்சியுண்ணிக்குப் பழம் உணவன்று. மைனாக் குஞ்சுக்குப் பசும்பால் புகட்டுவதும் அவ்வாறே. பறவைக்குப் பால் செரிக்காது, மூச்சுக்குழலில் இறங்கினால் உயிரே போகும். அதிர்ச்சியுற்ற விலங்கின் வாயில் நீரையும் வார்க்கலாகாது. காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித்துணி விரித்து, அதனுள் வைத்து மூடி, ஓசையற்ற நிழலிடத்தில் வைக்கவேண்டும். இருள் விலங்கின் அச்சத்தைத் தணிக்கும். அந்நிலையில் அதுவே முதல் மருந்து. வெறுங்கையால் தொடாது தடித்த துண்டால் மூடி எடுக்கவேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். கூட்டிலிருந்து இறங்கிச் சிறகடித்துப் பழகும் குஞ்சு அடிபட்டதன்று. தாய் அருகிலேயே இருக்கும். பூனையை மட்டும் விரட்டிவிட்டு விலகிவிடுக. பகலில் காக்கைகள் கொத்தி வீழ்த்திய கூகையை அபசகுனம் என்று அஞ்சாமல் பெட்டியில் வைத்து மாலைவரை காக்கவேண்டும். காயம் இல்லையாயின் இருட்டியதும் அதுவே பறந்துவிடும்.

நம் சமவெளியில் சுற்றுச்சுவரற்ற கிணறுகள் ஏராளம். மயிலும் மானும் இரவில் தவறி விழும். ஊரார் கயிறு கட்டி இறங்கி ஆரவாரத்தோடு மேலேற்றுவர். பிழைத்தது என்று மகிழ்ந்த மான் மறுநாளோ அதற்கு மறுநாளோ இறக்கும். பேரச்சமும் மிகையான தசையுழைப்பும் சேர்ந்தால் தசைநார்கள் சிதைந்து அந்நஞ்சு குருதியில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குகிறது. இதனைப் பிடிப்புநோய் எனலாம். ஆதலால் கூட்டத்தைக் கலைத்து, 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்திற்கும் உடன் வனத்துறைக்கும் தெரிவித்துவிட்டு அமைதி காப்பதே அறம். சட்டமும் இதனையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி காட்டுயிர் அரசின் உடைமை. கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திற்கோ வனத்துறைக்கோ அறிவிக்கவேண்டும். அன்பு மிகுதியால் வீட்டிலேயே வளர்த்தல் குற்றம். பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் நம்ப மறுக்கின்றனர்.

வளர்த்தல் தவறாவதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. மனிதர் கையுணவில் வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமென்று எண்ணும். பின்னர் விடுவித்தால் இரைதேடவும் பகையறியவும் தெரியாது மடியும். அசாமில் காசிரங்கா அருகே 2002இல் அமைந்த காட்டுயிர் மறுவாழ்வு நிலையத்தில், வெள்ளத்தில் தாயை இழந்த காண்டாமிருகக் கன்றுகளைப் புட்டிப்பால் கொடுத்துப் பேணுகின்றனர். பின் படிப்படியாக மனிதத் தொடர்பைக் குறைக்கின்றனர். அவ்வாறு வளர்ந்த கன்றொன்றை 2006இல் மானஸ் காட்டிற்குக் கொண்டுசென்றபோதும் உடனே திறந்துவிடவில்லை. வேலியிட்ட பரந்த காட்டில் முதலில் பழக்கினர்.

பாடசாலை நடத்துவோர் அடுத்த வகுப்பிற்கு இவ்வினாக்களைக் கொடுக்கலாம். மேகரதன் புறாவை மட்டும் காத்துப் பருந்தை விரட்டியிருந்தால் கதையின் அறம் எவ்வாறு மாறியிருக்கும்? புண்ணின் புழுவை எடுப்பது நான்கனுள் எவ்வகை இம்சை? பூச்சிகளையே பெரிதும் உண்ணும் தேவாங்கின் குட்டி நம் வாயிலில் கிடந்தால், வனத்துறையினர் வரும்வரை நாம் செய்யக்கூடுவன யாவை, கூடாதன யாவை? விடைகளை எழுதச் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள். மூன்றாம் வினாவிற்குப் பிள்ளைகள் தருவதும் பெற்றோர் தருவதும் வேறுபடும். இருசாராரையும் ஒருங்கே அமர்த்தியே கேட்கவேண்டும்.