உச்சி வெயிலும் ஒரு நிஃமத்தே!

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சித்திரை மாதத்து ஜும்ஆவுக்கு வியர்க்க விறுவிறுக்க வருகிறோம். செருப்பைக் கழற்றும்போதே "என்ன வெயில் இது!" என்று சலித்துக்கொண்டு, விசிறிக்கு அடியில் இடம் தேடுகிறோம். அந்த வெயில் இல்லையென்றால் விசிறியின் கீழே உட்கார நாமே இருக்க மாட்டோம் என்பதைச் சற்று சிந்தியுங்கள்.

ளியாவும் நூரும்

சூரா யூனுஸின் 5வது வசனத்தில் அல்லாஹ் சூரியனுக்கு 'ளியா' என்ற சொல்லையும் சந்திரனுக்கு 'நூர்' என்ற சொல்லையும் பயன்படுத்துகிறான். தானே வெப்பத்தோடு வெளிப்படும் ஒளி ளியா என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருவார்கள். சூரா நபஇல் அதே சூரியனை அல்லாஹ் சுடர்விடும் விளக்கு என்று சொல்லிக் காட்டுகிறான்.

நம் வீட்டு விளக்கில் எண்ணெய் குறைவது போல, இந்த விளக்கிலும் ஒவ்வொரு வினாடியும் சுமார் 40 லட்சம் டன் எடையுள்ள பொருள் ஆற்றலாக மாறுகிறது. சுமார் 15 கோடி கிலோமீட்டர் கடந்து, எட்டு நிமிடங்களில் அதன் ஒளி நம் முற்றத்துக்கு வந்து சேர்கிறது. இதற்கு எந்த மாதமும் நமக்கு ரசீது வந்ததில்லை!

கஞ்சியிலும் சூரியன், அடுப்பிலும் சூரியன்

ரமளானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்பயிரின் இலை வெயிலைப் பிடித்து, காற்றையும் நீரையும் சேர்த்து உணவாக்கியதால்தான் அதில் அரிசி இருக்கிறது. அண்டாவுக்குக் கீழே எரியும் விறகும், மரம் பல ஆண்டுகள் சேமித்து வைத்த வெயில்தான். பச்சை மரத்திலிருந்து உங்களுக்கு நெருப்பைத் தந்தான் என்ற கருத்தில் வரும் சூரா யாஸீனின் 80வது வசனத்தை இனி ஓதும்போது அந்த அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த தாவரங்களிலிருந்து வந்ததே.

இரவை நிரந்தரமாக்கிவிட்டால் உங்களுக்கு ஒளியைக் கொண்டுவருபவர் யார் என்ற கருத்தில் சூரா கஸஸில் (28:71) அல்லாஹ் நம்மிடம் கேட்கிறான். நம்மிடம் பதில் உண்டா?

நிழலுக்கே கேள்வி உண்டு

ஒருமுறை பசியோடு இருந்த நபி (ஸல்) அவர்களும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்துக்குச் சென்றார்கள். பேரீச்சம்பழமும் குளிர்ந்த நீரும் கிடைத்தன. அப்போது, குளிர்ந்த நிழலும் கனிந்த பழமும் குளிர்ந்த நீரும் மறுமையில் விசாரிக்கப்படும் நிஃமத்துகள் என்று நபியவர்கள் நினைவூட்டினார்கள். திர்மிதியில் இது பதிவாகியுள்ளது. நிழலுக்கே கணக்கு உண்டென்றால், வெயிலுக்கு இல்லாமல் போகுமா?

நம் பள்ளிவாசலின் மொட்டை மாடி

சூரியன் உச்சி சாய்ந்த பின்புதான் ஜும்ஆ நேரம் தொடங்குகிறது. நாம் ஸஃப்பு ஸஃப்பாக அமர்ந்திருக்கும் அந்த நேரத்தில், தெளிந்த வானிலிருந்து மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. சோலார் பேனல் அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். இரண்டு விசிறிகள் ஓட அது போதும். அது மாடியில் வீணாகிறது. கீழே ஓடும் விசிறிகளுக்கு, ஏழைத் தாய் உண்டியலில் போட்ட பத்து ரூபாயிலிருந்து மின்கட்டணம் போகிறது!

வறட்சிக்குப் பேர்போன ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் கூரையில் 500க்கும் மேற்பட்ட பேனல்கள் இருக்கின்றன. நம்மால் ஏன் முடியாது?

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் போதும். நம் பகுதியில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். தூசியைத் துடைத்துப் பராமரித்தால் 25 ஆண்டுகள் வரை உழைக்கும். அதுவரை அது ஸதகத்துல் ஜாரியா, இன்ஷா அல்லாஹ்.

ஆனால் மூன்று விஷயங்களை மறந்துவிடாதீர்கள். ஜமாஅத்தின் மஷூராவோடு செய்யுங்கள். வட்டிக் கடன் வாங்கிப் போடாதீர்கள். ஹராமைக் கொண்டு நன்மையைத் தேட முடியாது. மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆளில்லாத ஸஃப்பில் விசிறியை ஓடவிடாதீர்கள்; வீண்விரயம் அப்போதும் வீண்விரயம்தான். இந்த மூன்றாவதைத் தொடங்கப் பேனல் தேவையில்லை. இன்று கடைசியாக எழுந்து போகிறவர் சுவிட்சை அணைத்தாலே போதும்.

யா அல்லாஹ்! நீ கேட்காமலே தந்த நிஃமத்துகளுக்கு நன்றி செலுத்துவோராகவும், நீ விசாரிக்கும் நாளில் பதில் சொல்லக்கூடியோராகவும் எங்களை ஆக்கி அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.