நம்பிக்கை போற்றும் செவிலியம்

நோயாளி ஒருவர் மருத்துவமனையில் சேரும்போது அவருடைய உணவுமுறை, வழிபாடு, நாணம் ஆகியனவும் அவருடன் வருகின்றன. அவற்றை அறிந்து பேணுவதே பண்பாடறிந்த செவிலியம். இசுலாமிய நோயாளிகளைப் பேணும் முறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

தொன்மை மரபு

நோயுற்றவரை நலம் உசாவுதல் இசுலாத்தில் கடமையாகப் போற்றப்படுகிறது. நபிகள் நாயகத்தின் காலத்தில் மதீனாவில் வாழ்ந்த ருஃபைதா என்னும் பெண்மணி, 627ஆம் ஆண்டு நடந்த அகழ்ப்போரில் காயமுற்றோரைப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் வைத்துப் பேணினார். கிரிமியப் போரில் பிளாரன்சு நைட்டிங்கேல் தொண்டாற்றியதற்கு ஏறத்தாழ 1200 ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன; ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அங்கு மருத்துவம் பெற்றனர்.

சமயம் தரும் சலுகை

கடமைகளை வலியுறுத்தும் இசுலாம், நோயாளிக்கு அவற்றை எளிதாக்கியும் தருகிறது. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம்; அதுவும் இயலாதவர் படுத்தவாறே தொழலாம். தண்ணீர் பட்டால் தீங்கு நேரும் நிலையில், தூய மண்ணைக் கொண்டு 'தயம்மும்' செய்து தூய்மை பெறலாம். ரமலான் மாதத்தில் நோயுற்றவர், நலம்பெற்றபின் வேறு நாள்களில் நோன்பை ஈடுசெய்யத் திருக்குர்ஆன் இசைவளிக்கிறது.

கேட்டறியும் கடமை

இச்சலுகை இருந்தும், நீரிழிவு நோயாளி ஒருவர் நோன்பைக் கைவிட மனமின்றி இருக்கலாம். செவிலியர் கடிந்துரைத்தால் அவர் மறைவாக நோன்பிருக்கவும் கூடும். உண்ணாமல் வழக்கமான அளவு இன்சுலின் செலுத்திக்கொண்டால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். ரமலானுக்கு முன்பே அவருடைய விருப்பத்தைக் கேட்டறிந்து மருத்துவரிடம் தெரிவிக்கும் செவிலியர், அவ்விடரைத் தவிர்க்க வழிசெய்கிறார். நோன்பிருக்க இயலுமெனில் மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றியமைப்பார். இயலாதெனில் சமயம் தரும் சலுகையே நோயாளிக்கு ஆறுதலாகும்.

உடலைத் தொடுமுன் இசைவு பெறுதல், திரையிடுதல், தேவையான பகுதியை மட்டும் வெளிப்படுத்துதல், இயன்றவரை பெண் நோயாளிக்குப் பெண் செவிலியரை அமர்த்துதல் ஆகியன நாணத்தைக் காக்கும் வழிகள். இறுதி வேளையில் நோயாளியின் முகம் மெக்காவின் திசையை நோக்கியிருக்க உதவுவது குடும்பத்தினருக்கும் ஆறுதல் அளிக்கும்.

ஆயினும், ஒரே சமயத்தவர் அனைவரும் ஒரே விருப்பம் உடையவர் அல்லர். ஆதலால், பெயரையோ உடையையோ கண்டு முடிவு செய்யாமல், ஒவ்வொருவரிடமும் அவருடைய தேவையைக் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு மதிக்கப்படும் நோயாளி, தம் உணவையும் மருந்தையும் பற்றிய உண்மையை மறைக்காமல் கூறுவார். அவ்வுண்மையே நல்ல சிகிச்சைக்கு அடிப்படை.