ஏப்ரல் 21-இல் நிறுத்திய பாடம்

ஒன்பதாம் வகுப்பில் மக்களாட்சி பாடம் தொடங்கும் நாளில் ஆபிரகாம் லிங்கனின் வரையறையை மாணவர்கள் தடங்கலின்றிச் சொல்லிவிடுவார்கள். மன்னரிடம் இருந்த அதிகாரம் மக்களிடம் எப்படி வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்லலாம். ஆனால் பாஸ்டில், கில்லட்டின் என்றதும் அது தொலைதூரக் கதையாகிவிடுகிறது. ஆகவே சில ஆண்டுகளாக நான் நேபாளத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் அண்டை நாடு. இம்மாணவர்களின் பெற்றோர் காலத்தில் நடந்தது.

2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா பிரதமர் தேவுபாவின் அரசை நீக்கிவிட்டு ஆட்சியைத் தாமே எடுத்துக்கொண்டார். தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. (இந்த இடத்தில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். செல்பேசி வேலை செய்யாத நாள் அவர்களுக்கு உடனே புரிகிறது.) அதுவரை ஒன்றையொன்று நம்பாத ஏழு கட்சிகள் கூட்டணி அமைத்தன. 1996 முதல் ஆயுதம் ஏந்திப் போராடிய மாவோயிஸ்டுகளுடன் அக்கூட்டணி 2005 நவம்பரில் 12 அம்ச உடன்பாடு கண்டது.

2006 ஏப்ரல் 6-இல் பொதுவேலைநிறுத்தம் தொடங்கியது. நான்கு நாள் என்றுதான் அறிவித்திருந்தார்கள். ஊரடங்கும் துப்பாக்கிச்சூடும் கூட்டத்தைக் குறைக்கவில்லை. காத்மாண்டுவைச் சுற்றியுள்ள வட்டச்சாலையில் நாளுக்கு நாள் மக்கள் பெருகினர். ஏப்ரல் 21 அன்று மன்னர் இறங்கி வந்தார்: ஆட்சியதிகாரத்தை மக்களிடமே திருப்பித் தருவதாகவும், பிரதமர் பெயரைக் கூட்டணியே பரிந்துரைக்கலாம் என்றும் அறிவித்தார். இந்தியா உட்படப் பல நாடுகள் வரவேற்றன.

கதையை இங்கே நிறுத்திவிடுவேன். "நீங்கள் அந்தச் சாலையில் நிற்கிறீர்கள். வீட்டுக்குப் போவீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்டுக் கை உயர்த்தச் சொல்வேன்.

பெரும்பாலான கைகள் 'போவோம்' பக்கம்தான். "கேட்டது கிடைச்சிடுச்சே சார், அப்புறம் எதுக்கு வெயில்ல நிக்கணும்?" என்றான் ஒருவன். தவறென்று நான் சொல்வதில்லை. பாடவேளையும் அத்துடன் முடியும். வேண்டுமென்றே அப்படித் திட்டமிடுகிறேன்.

மறுநாள் கரும்பலகையில் பழைய ஆண்டுகளை எழுதுவேன். 1951: ராணா ஆட்சி முடிந்ததும், அரசமைப்புச் சட்டத்தை எழுத மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை அமைக்கப்படும் என்று மன்னர் திரிபுவன் வாக்களித்தார், அமைக்கப்படவில்லை. 1959: பொதுத்தேர்தல் நடந்தது, பி.பி. கொய்ராலா பிரதமரானார். 1960 டிசம்பர்: மன்னர் மகேந்திரா அந்த அரசைக் கலைத்து அவரைச் சிறையில் அடைத்தார். அதன்பின் கட்சிகளற்ற பஞ்சாயத்து முறை. 1990: மக்கள் எழுச்சியால் கட்சிகள் மீதான தடை நீங்கிப் புதிய அரசமைப்பும் வந்தது, ஆனால் படை மன்னரின் பிடியிலிருந்து முழுமையாக விலகவில்லை. 2002 அக்டோபர்: தேவுபா நீக்கப்பட்டார். 2005-இல் மீண்டும் அவரே!

இப்போது மறுபடி கை உயர்த்தச் சொன்னேன். முந்தைய நாள் பேசாதிருந்த ஒரு மாணவி எழுந்து, "யாரு குடுத்தாங்களோ அவங்களே திருப்பி வாங்கிக்கலாம்ல சார்?" என்றாள். நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்ல வைத்திருந்த விளக்கத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

காத்மாண்டு மக்களும் வீட்டுக்குப் போகவில்லை. ஏப்ரல் 24 இரவு, 2002-இல் கலைக்கப்பட்ட பிரதிநிதிகள் சபையை மன்னர் மீண்டும் கூட்ட ஒப்பினார். மே 18 அன்று அந்தச் சபை அவருடைய அதிகாரங்களைப் பறித்தது. 2008 ஏப்ரலில் அரசமைப்பு அவைக்குத் தேர்தல் நடந்தது. 1951-இல் தந்த வாக்கு நிறைவேற 57 ஆண்டுகள் ஆயின. 601 பேர் கொண்ட அந்த அவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். 2008 மே 28 அன்று 560-க்கு 4 என்ற வாக்குகளில் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. நாராயணன்ஹிட்டி அரண்மனை இன்று அருங்காட்சியகம்.

இங்கே முடித்தால் மாணவர்கள் கைதட்டுவார்கள். நான் முடிப்பதில்லை. முதல் அவை சட்டத்தை எழுதி முடிக்காமலேயே 2012-இல் கலைந்தது. இரண்டாவது அவை 2015 செப்டம்பரில்தான் அரசமைப்பை நிறைவேற்றியது. அப்போதும் தெற்குச் சமவெளியின் மாதேசி மக்கள் அதை எதிர்த்துப் போராடினர். "பத்தொன்பது நாளில் மன்னரை இறக்கியவர்களுக்குச் சட்டம் எழுத ஏன் இத்தனை ஆண்டுகள்?" என்பதே வீட்டுப்பாடம். சென்ற முறை ஒரு மாணவனின் குறிப்பேட்டில் இருந்த விடை: "வேண்டாம்னு சொல்றப்ப எல்லாரும் ஒண்ணு. எது வேணும்னு சொல்றப்பதான் சண்டை." முழு மதிப்பெண் கொடுத்தேன்.