மனையும் எழுத்தும்
(இடைக்காலத்துக் கிராமத்தில் குடியிருப்பு பற்றிய ஒரு பாடம்)

அண்மையில் புதுப்பட்டினத்தில் அங்கத்தினர் கல்விக் கூட்டமொன்று நடைபெற்றது. கடன் விதிகளை யான் விளக்கி முடித்தபின், முதிய நெசவாள அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “ஐயா, தறிக் கொட்டகை போடக் கடன் கேட்டால் மனைக்குப் பட்டா எங்கே என்கிறீர்கள். என் பாட்டன் குழி வெட்டித் தறி போட்ட வீடு அது. அந்தக் குழியைவிட வேறு எழுத்து வேண்டுமா?” என்று கேட்டார். அன்று விதியை மட்டும் எடுத்துக் கூறி அமர்ந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது என்பதை ஊர் திரும்பும் வழியில் உணர்ந்தேன். உண்மையான விடை பல நூற்றாண்டுச் சரித்திரத்தில் இருக்கிறது. அதனை இங்கே சுருக்கமாக எழுத முற்படுகிறேன்.

1. மேலைநாட்டுப் பண்ணையூர்

இடைக்கால இங்கிலாந்தில் கிராமம் பெரும்பாலும் ஒரு பிரபுவின் உடைமையாக இருந்தது. அதனை ‘மேனர்’ என்பர். பிரபுவின் மாளிகையும் மாதா கோயிலும் கல்லால் எழுந்து நிற்க, குடியானவர் வீடுகளோ மரச் சட்டங்களுக்கிடையே கழி பின்னி மண் பூசி, வைக்கோல் வேய்ந்த குடிசைகளாக இருந்தன. நடுவே அடுப்பு, புகை போகக் கூரையே வழி, பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் ஒரு புறம் மனிதர், மறு புறம் மாடு.

அக்குடிசைக்கும் சிறு நிலத்துக்கும் ஈடாகக் குடியானவன் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியின்றி உழைத்தான். பிரபுவின் அனுமதியின்றி அவன் ஊரை விட்டுப் போகலாகாது. பல ஊர்களில் அவன் தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைக்க வேண்டும்.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. மேனரின் மன்றத்தில் ஒரு பதிவேடு இருந்தது. இன்ன மனை இன்னாரிடம் உள்ளது என்று அதில் எழுதினர். காலப்போக்கில் அப்பதிவின் நகலே குடியானவனது உரிமைச் சாசனமாயிற்று. நகலைக் கையில் வைத்திருந்தவனை எளிதில் வெளியேற்ற இயலவில்லை. அம்முறையிலான உடைமை 1926ஆம் ஆண்டில் முழு உடைமையாக மாற்றப்படும் வரையில் நிலைத்தது.

2. நம் நாட்டுக் கிராமத்தின் அமைப்பு

தொண்டைமண்டலத்தில் அத்தகைய ஒற்றைப் பிரபுவை எல்லா ஊரிலும் காண முடியாது. வேளாண் ஊர்களில் ‘ஊர்’ என்ற கூட்டமும், பிரமதேய ஊர்களில் ‘சபை’யும் நிர்வாகம் செய்தன. ஆனால் குடியிருப்பு யாவர்க்கும் ஒன்றாக இருந்ததென எண்ணுவது பிழை.

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள், வரியிறுக்காத நிலங்களை ஊர்தோறும் பிரித்துக் காட்டுகின்றன. நிலமுடையோர் வாழ்ந்த ஊர்நத்தம், கம்மாளர்க்குரிய கம்மாணசேரி, உழவுத் தொழிலாளரின் பறைச்சேரி, குளம், வாய்க்கால், சுடுகாடு என்று அவை தனித்தனியே கணக்கிடுகின்றன. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகின்றது. ஒருவன் குடியிருக்கும் இடமே ஊரில் அவன் தகுதியைச் சொல்லிவிட்டது.

3. செங்கல்லும் சாந்தும்

வீடு கட்டுதலும் அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவாலங்காட்டில் கிடைத்த முதலாம் இராசேந்திரன் செப்பேடு, தானமளித்த ஊருக்குரிய உரிமைகளை வரிசையாகக் கூறுகிறது. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், பெருஞ்செக்கு நாட்டலாம். இவற்றை உரிமையென்று எழுதிக் கொடுத்தார்கள் என்றால், எழுதிக் கொடுக்கப்படாதவர்க்கு அவை எளிதில் இல்லை என்பதே பொருள். சாதாரணக் குடிகளுக்கு மண் சுவரும் ஓலைக் கூரையுமே வீடு.

கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்றில், கம்மாளர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே செல்லுங்கால் செருப்பு அணியவும், தம் வீடுகளுக்குச் சாந்து பூசவும் அரசன் உரிமை அளிக்கிறான். பிறர் மாளிகைக்குச் சாந்து அரைத்தவர் தம் சுவருக்குப் பூச அரசாணை வேண்டியிருந்தது!

4. நெசவாளர் மனை

உழவனுக்கு நிலம் எதுவோ அதுவே நெசவாளனுக்கு வீடு. குழித்தறியைப் பெயர்த்துத் தலையில் சுமந்து போக இயலாது. பாவு போடவும் கஞ்சி தோய்க்கவும் நீண்ட நேரான தெரு வேண்டும். நிழல் தரும் மரமும் அருகே நீரும் வேண்டும். ஆகவே நெசவாளர்கள் கூட்டமாகவே குடியேறினர். கோயிலைச் சூழ்ந்த திருமடைவிளாகத்தில் கைக்கோளர் தெருக்கள் அமைந்தன. அங்கே மனைக்கு உரிமையாளர் பெரும்பாலும் கோயில். தறிக்கு வரி வாங்குவோர் அரசரும் ஊராரும். பல்லவர் செப்பேடுகளிலேயே தறிக்கூறை என்ற வரி காணப்படுகிறது.

வரி மிகுந்தபோது நெசவாளர் செய்தது என்ன? ஊரை விட்டுப் பெயர்ந்தனர். அவர்களை இழக்க விரும்பாத ஆட்சியினர் வரியைக் குறைத்தும் சிறப்புக்கள் அளித்தும் மீண்டும் குடியமர்த்தினர். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்த தண்டும் சங்கும் ஆகிய உரிமைகள் வேறு ஊர்க் கைக்கோளர்க்கும் வழங்கப்பட்டன. தனியொருவனாய்ப் போயிருந்தால் அவன் வெறும் அகதி. தெருவாய்ப் போனபடியால் அரசு இறங்கி வந்தது. கூட்டுறவின் வலிமைக்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

5. உத்தரமேரூர் கூறும் தகுதி

நமது பக்கத்து ஊராகிய உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுக்களை அங்கத்தினர் பலரும் அறிவர். 30 குடும்புகளிலிருந்து சீட்டெடுத்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். பதவிக் காலம் 360 நாள். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவர் நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கலாகாது. இவ்விதியை நம் சங்கங்களின் சுவரில் எழுதி வைப்பதும் தகும்.

ஆனால் அக்கல்வெட்டில் நாம் விரைந்து கடந்துவிடும் வரி ஒன்றுண்டு. 921ஆம் ஆண்டு விதிப்படி, குடவோலையில் பெயர் எழுதப்பட 35 முதல் 70 வரை வயதும், பொதுவாகக் கால் வேலி வரி செலுத்தும் நிலமும் இருந்தால் மட்டும் போதாது. தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவும் வேண்டும். சொந்த மனை இல்லாத உழவுத் தொழிலாளியும், கோயில் மனையில் இருந்த நெசவாளனும் அக்குடத்தருகே வர வழியில்லை. நாம் பெருமைப்படும் அச்சபையின் வாசலே மனையுரிமைதான்.

6. மிராசியும் நத்தமும்

1763இல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுப் பகுதியைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊருக்கு எத்தனை வீடு, எவ்வெத் தொழிலாளர், களத்து நெல்லில் தச்சன், கொல்லன், வண்ணான், தலையாரி ஆகியோர்க்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அதில் விளங்குகின்றன.

களத்தில் யாவர்க்கும் பங்கு இருந்தது, மனையில் அவ்வாறில்லை. ஊரின் நிலவுரிமை மிராசுதாரரிடம் இருந்தது. நத்தமும் சேரியும் தமக்கே உரியவை என அவர்கள் கோரினர். பண்ணையாள் வேறு இடத்தில் வேலைக்குப் போனாலும், கூலி உயர்த்திக் கேட்டாலும், ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்ற ஒரு சொல் போதும். 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை இந்நிலையை எடுத்துரைத்தது. மறு ஆண்டில் பிறந்த அரசாணையின் வழியே பஞ்சமி நிலம் ஒதுக்கும் முறை தோன்றிற்று. பின்னர் 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அம்மனையை உரிமையாக்கிற்று. மேனரின் குடியானவனுக்குப் பதிவேட்டு நகல் தந்த காப்பை, நம் நாட்டுப் பண்ணையாள் பெற அத்தனை காலம் ஆயிற்று.

7. நமக்குரிய பாடம்

புதுப்பட்டினத்துப் பெரியவரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். தறிக்குழி உழைப்புக்குச் சாட்சி; உரிமைக்கு அது சாட்சியாகாது. இடைக்காலம் முழுவதிலும் குழி வெட்டியவர் பலர். எழுத்து வைத்திருந்தவர் சிலர். அச்சிலரே நிலைத்தனர்.

ஆனால் பட்டா இல்லையென்று ஓர் அங்கத்தினரைத் திருப்பி அனுப்புவதோடு சங்கத்தின் கடமை முடிவதில்லை என்பதையும் யான் ஒப்புக்கொள்ள வேண்டும். உத்தரமேரூர்ச் சபை மனையில்லாதவனை வாசலில் நிறுத்திற்று. 1904இல் நம் பகுதியில் காஞ்சிபுரத்திலும் திரூரிலும் தோன்றிய முதற் கூட்டுறவுச் சங்கங்களின் வழிவந்த நாம் அவ்வாறு செய்தலாகாது. நத்தம் பட்டா பெறாத அங்கத்தினரின் பட்டியலைச் சங்கமே தயாரித்து, மனுக்களைத் திரட்டி, வட்டாட்சியரிடம் ஒருங்கே அளிக்கலாம். தனி மனு காத்திருக்கும். தெருவின் மனு கவனிக்கப்படும். வீட்டு வரி ரசீதுகளையும் மின் கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்துக. அவை உரிமைச் சாசனம் ஆகா. எனினும் நெடுநாள் குடியிருப்பைக் காட்ட உதவும். விவசாய அங்கத்தினர்கள், தம் நிலத்தில் குடியிருக்கும் தொழிலாளியின் மனைக்குச் சட்டம் தந்த உரிமையை மறுக்காதிருப்பார்களாக.

அடுத்த முறை அங்கே செல்லுங்கால், விதிப் புத்தகத்தோடு வெற்று மனுத் தாள்களையும் எடுத்துச் செல்வேன். முதல் தாள் அப்பெரியவருக்கே உரியது.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் மனைப்பட்டா இல்லாதோர் எத்தனை பேர்? காரணம் யாது?
2. குடவோலை விதிகளில் நாம் கைக்கொள்ளத் தக்கவை எவை? தள்ளத் தக்கவை எவை?
3. நெசவாளர் குடியிருப்புக்குத் தெருவின் அகலமும் நிழலும் நீரும் ஏன் இன்றியமையாதன?