ரப்பர் தேன் முடியும் வேளையில் செய்ய வேண்டியவை

குமரி மாவட்டத்தில் ரப்பர் தேன் வரத்து ஓயும் தறுவாயில் இருக்கிறது. ரப்பர் மரத்தில் தேனீக்கு மதுரம் தருவது பெரும்பாலும் பூவல்ல, இளந்தளிர்தான். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் அது ஊறும். இலை முற்றியதும் வற்றிவிடும். வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து பெட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பங்குனியில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு, எந்த அறுவடையோடு நிறுத்துவது என்பது.

மேலே உள்ள தேன் அறையில் முக்கால் பங்கு கண்ணறைகளை மெழுகால் மூடிய சட்டங்களை மட்டும் எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம். ரப்பர் தேன் இயல்பிலேயே நீர்த்தது. மூடும் முன் எடுத்தால் சில வாரங்களில் நுரைத்துப் புளித்துவிடும். இந்திய உணவுத் தர விதி தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை அனுமதிப்பதில்லை. மழை பெய்த மறுநாள் எடுக்க வேண்டாம். எடுத்த தேனை வடிகட்டி, ஈரமற்ற கண்ணாடிப் பாத்திரத்தில் இறுக மூடுங்கள். பிறகு அது உறைந்தால் கலப்படம் என்று பதற வேண்டாம், ரப்பர் தேனின் குணம் அது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

கீழே உள்ள புழு அறையில், அடையின் மேல்விளிம்பில் வளைவாக நிற்கும் தேன் தேனீக்களுடையது. அதில் கை வைக்கவே கூடாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் தேனீக்கள் வெளியே போக முடியாத நாட்கள் தொடரும். பசித்த இந்தியத் தேனீ அடையைக் காலிசெய்து கூட்டத்தோடு பறந்துவிடும். குமரியில் மழைக்காலம் கழிந்து வெற்றுப் பெட்டியைப் பார்ப்பவர்களில் பலர், பங்குனியில் கடைசிச் சொட்டுவரை பிழிந்தவர்கள்தான்.

வரத்து நின்றதும் தேன் அறையைக் கழற்றிவிடுங்கள். தேனீ மூடாத வெற்று அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். அவற்றை அகற்றிக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடையுங்கள், தாங்குகாலின் எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் வற்ற விடாதீர்கள். சித்திரை வெயிலுக்கு நிழல் வேண்டும்.

மழைக்காலத்தில் புழு அறைத் தேன் குறைந்தால் வாரத்துக்குப் பெட்டி ஒன்றுக்கு 200 கிராம் சீனியை அதே அளவு நீரில் காய்ச்சி, ஆறவைத்து, அந்தி சாய்ந்தபின் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தினால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுப்பது நல்லது. தேன் அறை மேலே இருக்கும்போது பாகு வைக்கவே கூடாது. அது தேனோடு கலந்துவிடும்.

புழுக்கள் தலை நிமிர்ந்தபடி நீர் நிறைந்த பை போலக் கிடந்தால், அது தாய் சாக்புரூட் வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் குமரியிலும் கேரளத்திலும் கூட்டம் கூட்டமாகத் தேனீக்களை அழித்தது இதுதான். இதற்கு மருந்து கிடையாது. அந்தப் பெட்டியைத் தனியே தள்ளி வையுங்கள். அதன் அடையையோ தேனையோ வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், தொட்ட கையோடு அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.