செபிக் கரைக்குக் குடிபோகும் முன்

பப்புவா நியூ கினிக்கு ஊழியத்துக்குக் கிளம்பும் தம்பதிகள், "என்னென்ன எடுத்துட்டுப் போகணும் அக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். டோக் பிசின் பேசுவீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் ஓடும் செபிக் ஆற்றின் கரையில் சில ஊர் தாண்டினால் மொழி மாறிவிடும். எல்லோருக்கும் பொதுவானது டோக் பிசின். புதிய ஏற்பாடு அதில் 1969-இலும், முழு வேதாகமம் 1989-இலும் வெளிவந்தன. முதலில் வீவாக் நகரத்தில் தங்கி, சந்தையில் கிழங்கு விற்கும் பெண்களோடு பேசிப் பழகுங்கள். ஊர்மொழியை ஊரில்தான் கற்க முடியும். அது நாவில் படியும்வரை பிரசங்கத்துக்கு அவசரம் வேண்டாம்.

நாம் அங்கே முதலில் போகிறவர்களும் அல்ல. கத்தோலிக்க மிஷனரிகள் 1896-இலேயே செபிக் பகுதிக் கடலோரத்துத் தும்லியோ தீவில் இறங்கினார்கள். பல ஊர்களில் தாத்தா காலத்திலிருந்தே சபை இருக்கிறது. உள்ளூர்ப் போதகருக்குக் கீழே இருந்து வேலை செய்ய மனமில்லாதவர்கள் போகாமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

நிலம் பெரும்பாலும் குலத்தாருடையது. விலைக்கு வாங்க முடியாது. பெரியவர்களோடு உட்கார்ந்து எங்கே வீடு போடலாம், எந்த மரத்தைத் தொடக்கூடாது, எந்த நீர்நிலையில் யாருக்கு மீன்பிடி உரிமை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சாமான் கட்டுங்கள். மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் வந்துவிடும், அதனால் வீடு உயரமான கால்களின்மேல் நிற்கவேண்டும். கூரையில் கொஞ்சமாவது தகரம் போட்டால் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கலாம்.

நான் அதிகம் மன்றாடிச் சொல்வது மலேரியாவைப் பற்றி. பால்சிபாரம், விவாக்ஸ் என்ற இரண்டு வகையும் அங்கே உண்டு. விவாக்ஸ் கல்லீரலில் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். எங்கள் மகனுக்கு விடுமுறையில் திருநெல்வேலிக்கு வந்திருந்தபோது காய்ச்சல் கண்டது. எங்கிருந்து வருகிறோம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொன்னதால் அன்றே ரத்தப் பரிசோதனை நடந்தது. பதுங்கிய கிருமியை ஒழிக்கப் பிரைமாகுவின் தருவார்கள். ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஆகவே குடும்பத்தில் எல்லோரும் ஜி6பிடி பரிசோதனையைப் புறப்படுமுன் செய்து, முடிவைக் கையோடு வைத்திருங்கள். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளுக்கு நீளக்கை சட்டை, தூங்க மருந்தேற்றிய கொசுவலை.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளி மாவு. அங்கே சாகோ பனையின் தண்டை இடித்து, பிழிந்து மாவு எடுக்கிறார்கள். அது வெறும் மாவுச்சத்துதான் என்றாலும் ஆற்றுமீனும் கீரையும் சேர்ந்தால் போதுமான உணவு. பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக, பாக்வி என்னும் ஆற்றங்கரை ஊர் வரை படகு, பிறகு வீவாக்குக்குச் சாலை வழி. அவசரத்துக்கென்று எரிபொருளைத் தனி டிரம்மில் பூட்டி வையுங்கள். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்காக நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். கொடுக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. மாத வரவுசெலவுக் கணக்கில் அந்த எரிபொருளையும் எழுதி, உங்களைத் தாங்கும் சபைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.